செங்கம்மாள் அரைத்த தூள்

கடலோரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்களுக்கு ஈரத்தோடு மல்லுக்கட்டுவதே பாதி வேலை. ஜன்னலைத் திறந்தால் பத்து நிமிடத்தில் காகிதம் தொய்ந்துவிடும். பூட்டு துருப்பிடிக்கும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் அது நமத்துப்போய், தொடவே பிடிக்காது. நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு ஈரம்தான் பதில் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

நேரில் பேசினால் விசாரணைக் குழுவில் யாராவது குறுக்கிடுவார்கள், எழுதியே கொடுத்துவிடுங்கள் என்றீர்கள் மேடம். எனக்கும் அதுதான் வசதி. நான் எதையும் வரிசையாகச் செய்து பழகியவன்.

பெயர் செல்வராஜ். வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் துறையூர் பக்கம், குடியிருப்பது கூடுவாஞ்சேரியில். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் மையத்தில், கடல்படிவுப் பிரிவுக்குப் பத்தொன்பது வருடமாக நான் பொறுப்பு. ஆரம்பத்தில் பேருந்தில்தான் வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் கேளம்பாக்கம் தாண்டியதும் முன் இருக்கையில் இருந்தவர் ஜன்னலுக்கு வெளியே துப்பினார். காற்று அதைத் திருப்பி என் கன்னத்தில் கொண்டுவந்து அப்பியது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி மூன்று முறை குளித்தேன். பிறகு பேருந்தில் ஏறவில்லை, கார் வாங்கிவிட்டேன். என் சுபாவம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இப்படிப்பட்டவனுக்குச் சேற்றோடு வேலை. கப்பலில் போய், கடலடியில் நீண்ட குழாயைச் செருகி உருவி எடுக்கிற சேறு. குழாயைப் பிளக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அறையெங்கும் பரவும். சக ஆய்வாளர்கள் அதை விரலில் தேய்த்துப் பார்ப்பார்கள். சிலர் முன்பல்லில் வைத்துக் கடித்து, மணல் எவ்வளவு என்றுகூடச் சொல்வார்கள். நான் ஒருநாளும் கையுறை இல்லாமல் தொட்டதில்லை.

அந்தச் சேற்றில் நான் தேடுவது கண்ணாடி. கடலின் மேல்மட்டத்தில் டயாட்டம் என்று ஒரு நுண்பாசி மிதக்கிறது. நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை உறிஞ்சித் தன்னைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும். செத்ததும் கூடு அடியில் போய்ப் படியும். சேற்றின் ஒரு படலத்தில் அந்தக் கூடுகள் எவ்வளவு என்று அளந்தால், அந்தக் காலத்தில் கடல் எவ்வளவு செழிப்பாக இருந்தது, மழைக்காலம் எப்படி இருந்தது என்று சொல்லலாம். உயிர் செய்த சிலிக்கா என்பதால் உயிர்ச்சிலிக்கா என்கிறோம். மணலிலும் சிலிக்கா உண்டு. அதற்குப் பெயர் குவார்ட்ஸ். பொருள் ஒன்றுதான், உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் வேறு. சேற்றில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

முன்பெல்லாம் சேற்றைக் காரத்தில் மணிக்கணக்காக வேகவைத்து, கரைந்துவருவதை அளப்பார்கள். கூடவே களிமண்ணும் கொஞ்சம் கரைந்து அளவைக் கெடுக்கும். எங்கள் மையத்தில் அகச்சிவப்பு முறையைக் கொண்டுவந்தது நான். சேற்றை உலர்த்தி, அரைத்து, கடுகளவு எடுத்துப் பொட்டாசியம் புரோமைடு என்ற உப்போடு கலந்து, அழுத்தி ஒரு மாத்திரையாக்க வேண்டும். அதனூடே அகச்சிவப்பு ஒளியை அனுப்பினால், எங்கே ஒளி விழுங்கப்படுகிறதோ அங்கே திரையில் ஒரு மேடு எழும். உயிர்ச்சிலிக்காவுக்கு மழுங்கலாக ஒரே மேடு. குவார்ட்ஸுக்கு அதே இடத்தில் ஒட்டினாற்போல இரண்டு கூரான பற்கள். அந்த இரட்டைப் பல்லை ஒருதடவை பார்த்தவர் பிறகு தவறவிட மாட்டார்.

தூள் முகப்பவுடரைவிட மெலிதாக இருக்க வேண்டும். உப்பில் ஈரம் ஏறக் கூடாது. இந்த இரண்டும் அமைந்தால் போதும், நாள் முழுக்க ஆகிற வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தூளுக்காகத்தான் செங்கம்மாளை எடுத்தேன். 2017 ஜூன். அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கோவளத்துக்குள் போகிற சாலைக்கு மேற்கே உள்ள காலனி. பெற்றோர் ஊரார் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். இவள் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கணவன் இல்லை. கவியா என்று ஒரு மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தது. எங்கள் மையத்தில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது வந்த ஆறு பேரிடமும் கையளவு கல்லுரலைக் கொடுத்து அரைக்கச் சொன்னேன். ஐந்து பேர் இடித்தார்கள். இவள் ஒருத்திதான் அரைத்தாள்.

"அரைக்கிறதுக்கு இன்னா சார், வூட்டுல அம்மியில நான்தான் அரைக்கிறேன். மிக்ஸி போட்டா எம்பொண்ணு கொழம்பே வேணாம்னுது" என்றாள்.

அவளை நான் எப்போதும் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இதை மையத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

பத்துக்குப் பத்து அறை. ஒரு ஏசி, ஒரு மேசை, ஒரு தராசு, அரைக்கிற உரல். பக்கத்து அறையில் அகச்சிவப்புக் கருவி. அடுத்த வருடம் ஆகஸ்டில் மாத்திரைகள் கலங்கத் தொடங்கின. பால் விழுந்த தண்ணீர் மாதிரி. உப்பு ஈரத்தைக் குடித்திருந்தது. எங்கிருந்து என்று பார்த்தால், சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாகக் கடல் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. நானே ஸ்டூலில் ஏறி, ஃபேனை நிறுத்தி, அட்டை வைத்து மூடி, நான்கு பக்கமும் டேப் ஒட்டினேன். அடுத்த வாரமே மாத்திரைகள் தெளிந்துவிட்டன. பராமரிப்புப் பிரிவில் ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை.

அதன் பிறகு மதிய உணவுக்கு அவள் வெளியே வரும்போது புருவமும் கண்ணிமையும் வெளுத்திருக்கும். காதுமடலின் மடிப்பில் தூள் சேர்ந்திருக்கும். அப்படியே போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். நான் சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

ஒருநாள் அவளே கேட்டாள். "சார், இந்தத் தூளு மூக்குக்குள்ள போயி கரகரன்னு கீது. ஒண்ணும் ஆவாதே?"

"கடல் பாசித் தூள்தான் செங்கம்மா. முகத்துக்குப் பூசுற பவுடர் மாதிரி."

"அப்ப நான் செவப்பாய்டுவேன்னு சொல்லு" என்று சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எல்லாமே பாசி இல்ல சார். பாசின்னா அரைக்கச்சொல்ல சத்தமே வராது. சிலது கீச்சுகீச்சுன்னு கத்துது. அது மணலு" என்றாள்.

அவள் சொன்னது முழுக்கச் சரி. எந்தப் படலத்தில் குவார்ட்ஸ் அதிகம் என்று அவள் உரல் சத்தத்தை வைத்துச் சொன்னதும், என் கருவி சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் அவளிடம் "எல்லாம் பாசிதான்" என்றேன். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

மறுநாள் அவள் முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வாரம் கழித்து என் வரைபடங்களில் சிலிக்கா மேட்டின் தோளில் ஒரு புடைப்பு வந்தது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பருத்தி நூல். துணியிலிருந்து உதிர்கிற நுண்ணிழை தூளில் விழுந்து, சிலிக்காவுக்குப் பக்கத்திலேயே மேடு காட்டுகிறது. துணி கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பேப்பர் மாஸ்க்கிலும் இழை உதிரும் என்பதால் அதற்கும் எழுதிப் போடவில்லை. இழை உதிராத ரப்பர் மாஸ்க் உண்டு. அதை வாங்கியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை என்று எழுத நினைத்தேன். உண்மை என்னவென்றால் தோன்றியது. யாரோ ஒருவர் நாள் முழுக்க மூச்சுவிட்டு, எச்சில் ஊறிய ரப்பர் என் மேசைமேல் கிடக்கும் என்ற நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அளவுகோல் தயாரிப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கருவி காட்டுகிற மேடு எத்தனை சதவீதம் என்று தெரிய, நாமே கலந்த மாதிரிகள் தேவை. சுத்தமான டயாட்டம் ஒரு பங்கு, சுத்தமான குவார்ட்ஸ் ஒன்பது பங்கு, பிறகு இரண்டு, எட்டு, இப்படி. அதற்கான குவார்ட்ஸை அவள்தான் அரைத்தாள். 2019-இல் நான்கு மாதம், அடுத்த வருடம் ஊரடங்கு தளர்ந்ததும் மறுபடி மூன்று மாதம், வெறும் குவார்ட்ஸ். கலப்பில்லாத குவார்ட்ஸ் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் என்பது இந்தத் துறையில் முதல் வருட மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று தேதி சொல்ல முடியவில்லை. 2021 கடைசியில் அது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. முதலில் வறட்டு இருமல். பிறகு ஈரம் ஏறிய இருமல். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தொண்டையில் எதுவோ புரளுவது கேட்கும், அதை அவள் விழுங்குவாளா துப்புவாளா என்று காத்திருப்பேன். வேலை ஓடாது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கைப்பிடியை நான் தொடாமல் ஏறப் பழகினேன்.

2022 ஜூலை 14, வியாழக்கிழமை, காலை பதினொன்றரை. நான் அரைக்கும் அறைக்குள் போனபோது அவளுக்கு இருமல் வந்து அடங்கியிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள். தராசுக்குப் பக்கத்தில், வெள்ளை மேசைமேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சளி கிடந்தது. பழுப்பு நிறம், ஓரத்தில் ஒரு கோடு சிவப்பு. இடுக்கியும் தாளும் எடுத்து வந்தேன், தூக்கிப் போடத்தான். அப்போதுதான் அன்றைய மாதிரிகளில் இது தெறித்திருந்தால் என்ன செய்வது என்று கவலை வந்தது. தெறித்திருந்தால் வரைபடத்தில் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆகவே அதை ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்து, அடுப்பில் உலர்த்தினேன். செதிலாக வந்தது. அதைத் தூளாக்கி, உப்பில் கலந்து, மாத்திரை பிடித்து, கருவியில் வைத்தேன். இரண்டு பெரிய மேடுகள் வந்தன, புரதத்துக்குரியவை, எந்த உடலிலிருந்து எடுத்தாலும் வருபவை. பிறகு பார்வையை வலது பக்கம் நகர்த்தினேன். அங்கே இரட்டைப் பல் இருந்தது. சின்னதுதான். ஆனால் அவ்வளவு சுத்தமான இரட்டைப் பல்லை நான் சேற்றில்கூடப் பார்த்ததில்லை.

கோப்புக்கு 'செ-1' என்று பெயர் வைத்துச் சேமித்தேன். அளந்ததை நான் அழிப்பதில்லை.

அவள் திரும்பி வந்து, மேசை துடைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, கூனிக் குறுகி நின்றாள். "ஐயோ, நீ ஏன் சார் தொட்ட? என்னிய கூப்ட்டிருக்கலாமில்ல?"

"பரவால்ல செங்கம்மா. போய் வேலையப் பாருங்க" என்றேன்.

அன்று மதியம் அவளை அந்த அறையிலிருந்து எழுப்பியிருந்தால் போதும் என்று உங்கள் குழுவில் இருந்த மருத்துவர் சொன்னார். எழுப்பினால் மட்டும் ஆறாது, ஆனால் வேகம் குறைந்திருக்கும், பல வருடம் இருந்திருப்பாள் என்றார். இருக்கலாம். அன்றைக்கு இரண்டாவது குழாயில் நூற்று நாற்பது படலங்கள் பாக்கி. ஆள் மாறினால் தூளின் பருமன் மாறும். பருமன் மாறினால் மேட்டின் உயரம் மாறும். ஐந்து வருடமாக ஒரே கையால் அரைத்த தொடரில் கடைசி நூற்று நாற்பது மட்டும் வேறு கையாக இருந்தால், அந்த இடத்தில் கடல் மாறியதா கை மாறியதா என்று யார் சொல்வது?

அவளுக்கு நான் வெல்லம் வாங்கிக் கொடுத்தேன். தூசியில் வேலை செய்கிறவர்கள் வெல்லம் தின்றால் நெஞ்சு சுத்தமாகும் என்று அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள். வாரம் ஒரு பொட்டலம், மேசை ஓரத்தில் வைத்துவிடுவேன். கையில் கொடுக்க மாட்டேன்.

அந்த நவம்பரில் ஒருநாள் காலை வந்ததும், பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். செங்கல்பட்டில் ஜெபகுமார் என்ற மார்புநோய் மருத்துவரைப் பார்க்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

"எக்ஸ்ரே பாத்துட்டு, நீ இன்னா வேல செய்யறன்னாரு சார். கடல் பாசி அரைக்கிறேன்னேன். சிரிச்சிட்டாரு. அதெல்லாம் வேணாம், உங்க சாராண்ட எழுதி வாங்கினு வான்னாரு."

தாளில் ஒரே கேள்வி. இவர் கையாளும் தூளில் குவார்ட்ஸ் போன்ற படிகச் சிலிக்கா உண்டா? கெட்டிக்கார மருத்துவர். சளியில் காசநோய்க் கிருமி இல்லை, ஆனால் படத்தில் இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக நிழல். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. என் பதிலை வைத்துத்தான் அவர் மேலே போக வேண்டும்.

அவளை உட்காரச் சொன்னேன். மையத்தின் முகவரி அச்சடித்த தாளில் எழுதினேன். இவர் கையாள்வது கடல்படிவு. அதில் உள்ள சிலிக்கா நுண்பாசிகளால் உண்டான உயிர்ச்சிலிக்கா. படிகச் சிலிக்காத் தூசிக்கு இவர் ஆளானதில்லை. முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது பொய். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை மேசைமேல் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நல்லாருப்ப சார்" என்று எடுத்துக்கொண்டாள்.

காசநோய் என்று முடிவு செய்து மருந்து ஆரம்பித்தார்கள். அந்த மாத்திரைக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதையும் என்னிடம் வந்து சொன்னாள், பயந்துபோய். இதையெல்லாம் ஒரு அதிகாரியிடம் வந்து சொல்கிற பழக்கம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. அன்று என்னால் மதியம் சாப்பிட முடியவில்லை. அவள் காலையில் மாத்திரை போட்டு வாந்தி எடுத்துவிட்டு, பத்து மணிக்கு வந்து அரைத்தாள். 2023 மார்ச் 3-ஆம் தேதி நூற்று நாற்பதும் முடிந்தது. அந்த மாதக் கடைசியோடு அவள் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டியதில்லை என்று எழுதினேன்.

அடுத்த பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தது. கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் அவள் பெயரையும் சேர்த்திருந்தேன். என் துறையில் யாரும் அரைக்கிற ஆளின் பெயரைப் போடுவதில்லை. அதன் பிரதியைக் கொடுப்பதற்காக ஜூனில் அவள் வீட்டுக்குப் போனேன்.

காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். மகள் கவியா சிறுசேரியில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தது. அன்று வீட்டிலிருந்தே வேலை, மடியில் லேப்டாப். உள்ளே ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. செங்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராதாம். முப்பத்துநாலு கிலோ என்றார்கள். பக்கத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணம். பினாயில் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது.

"உள்ள வா சார்" என்றாள். அதற்கே மூச்சு வாங்கியது.

"இங்கயே இருக்கேன். ஷூ கழட்டணும்" என்றேன்.

கவியா கட்டுரையை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் படித்துக் காட்டியது. "உம்பேருதாம்மா. இங்க்லீஷ்ல போட்டுக்கீறாங்க." செங்கம்மாள் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் இல்லை, ஆங்கிலம்தான் தெரியாது. சிரித்தாள். பல் மட்டும் முன்பிருந்த அளவில் இருந்தது, முகம் சுருங்கிவிட்டிருந்தது. எவர்சில்வர் தம்ளரில் டீ வந்தது. வாங்கிக்கொண்டு, பேசிக்கொண்டே அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். ஏடு கட்டியது.

"சார் டீ குடிக்கல" என்று அவள் மகளிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை.

கிளம்பும்போது கவியா தெருவரைக்கும் வந்தது. "ஒரு நிமிசம் சார். டாக்டர் திரும்பக் கேக்குறாரு. டிபி மருந்து ஒண்ணும் கேக்கல. அந்தத் தூளுல மணல் இருந்துச்சா இல்லையா, அத மட்டும் கரெக்ட்டா கேட்டுச் சொல்லுன்றாரு. இருந்தா வேற மாதிரி பாக்கணுமாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவாராம்."

"அதான் எழுதிக் கொடுத்திருக்கேனேம்மா. கடல் பாசி."

"அம்மா கீச்சுன்னு சத்தம் வரும்னு சொல்லிகினே கீது சார்."

"அம்மாவுக்கு முடியல. ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க" என்றேன்.

அது தலையாட்டியது. படித்த பெண், ஆனாலும் என்னை நம்பியது. பதினோரு நாள் கழித்து செங்கம்மாள் இறந்துபோனாள். மையத்தின் சார்பில் மாலை அனுப்பினோம். நான் போகவில்லை, அன்று ஒரு கூட்டம் இருந்தது.

வெளியே தெரிந்தது ஷபானாவால். என்னிடம் ஆய்வு மாணவி, கோவளத்துப் பெண், கவியாவோடு பள்ளியில் படித்தவள். எங்களுடைய பழைய வரைபடங்கள் எல்லாவற்றையும் எடுத்து ஒரு புதிய கணக்கீட்டு முறையில் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஜனவரியில் ஒருநாள் மதியம் லேப்டாப்போடு என் அறைக்கு வந்தாள்.

"ஆயிரத்து இருநூத்துச் சொச்சத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒட்ட மாட்டேங்குது சார். செ-ஒண்ணுன்னு பேர் இருக்கு."

"மாசுபட்ட மாதிரி. அழிச்சிடு."

"நீங்கதான சார் எதையும் அழிக்கக் கூடாதுன்னு சொல்லுவீங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் முகம் வெளிறியிருந்தது. "இது சேறே இல்ல சார். புரோட்டீன் மேடு ரெண்டும் அப்படியே இருக்கு. இது ஒரு ஆளோட உடம்புலேர்ந்து வந்தது. கீழ குவார்ட்ஸ். 2022 ஜூலை." திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "செ-ன்னா செங்கம்மாக்காவா சார்?"

மேசைமேல் கோணலாக இருந்த பேனாவை நேராக வைத்தேன்.

"அந்த லெட்டர் நவம்பர்ல எழுதினது. கவியா அதோட ஜெராக்ஸ் வச்சிருக்கா, நான் பாத்திருக்கேன். நாலு மாசம் முன்னாடியே உங்களுக்குத் தெரியும்." அவள் என் மேசையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள். அந்த ஓரடியை நான் கவனித்தேன். எதையாவது மிதித்துவிடக் கூடாது என்று நாம் நகர்வோமே, அதுமாதிரி நகர்ந்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மிகவும் அவமானமாக இருந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். புகாரில் இருக்கும் தேதிகள் சரி. ஃபேனை அடைத்தது நான். துணியை அவிழ்க்கச் சொன்னது நான். தெரிந்த பிறகும் ஏழரை மாதம் அரைக்க வைத்தது நான். கடிதம் என் கையெழுத்து. மகள் கேட்டபோதும் பொய் சொன்னேன். செங்கம்மாள் செத்ததற்கு நான்தான் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், என்ன தண்டனையோ கொடுங்கள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. நூற்று நாற்பது படலங்களும் முடிந்து, கட்டுரையும் வந்துவிட்ட பிறகு, அந்தத் தெருவில் நின்று உண்மையைச் சொல்வதற்கு உங்களுக்கு என்ன தடை என்று கேட்டீர்கள். வேலை போய்விடும் என்ற பயமா என்றீர்கள். இல்லை. எல்லாம் பாசி என்றுதான் நினைத்தேன், தவறிவிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் என்னை யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். அது எனக்கு அப்போதே தெரியும்.

ஆனால் அந்தச் செங்கல்பட்டு மருத்துவர் கெட்டிக்காரர். இப்போது எப்படித் தெரிந்தது என்று கேட்டிருப்பார். காலனிப் பெண் ஒருத்தி துப்பிய சளியை எடுத்து, உலர்த்தி, தூளாக்கி, கையுறை போட்டால் விரலுக்குப் பிடி கிடைக்காததால் வெறும் கையால் மாத்திரை பிடித்தேன் என்று நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். மையத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். என் மனைவி லதாவுக்குத் தெரிந்திருக்கும். அவள் என் கையால் எதையும் வாங்கிச் சாப்பிட்டிருக்க மாட்டாள். கவியா தெருவில் நின்று கேட்டபோது இதுதான் என் தொண்டை வரை வந்தது, குமட்டிக்கொண்டு. விழுங்கிவிட்டேன்.

என்னைக் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள் மேடம், ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் சுத்தமானவன். அதில் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியாது.